நாலணாவும் நாட்டுமொழியும்



பேராயக் கட்சியாம் காங்கிரசு 1885-இல் தோன்றியது. ஆங்கிலங் கற்றோர் ஆண்டுக்கொருமுறை கூடி, ஆங்கிலத்திற் பேசிக் கலைந்தனர். உழவனுக்கு அங்கே என்ன வேலை?

1920-இல் சேலம் விசயராகவாச்சாரியார் தலைமையில் நாகபுரியிற் கூடிய மாநாடே கதவைத் திறந்தது. உறுப்பினர் கட்டணம் நாலணா. சிற்றூர், வட்டம், மாவட்டம் எனப் படிப்படியாகக் குழுக்கள். அவற்றின்மேல், வெள்ளையர் வகுத்த எல்லையைத் தள்ளி, மொழிவழியே மாநிலக் குழுக்கள். நாலணாவை எல்லாரும் புகழ்வர்; மொழிவழிப் பிரிவை மறந்துவிடுவர். தன் மொழியில் நடக்கும் கூட்டத்திலன்றோ நெசவாளனும் எழுந்து வினவுவான்!

அவ்வாறு ஊர்தோறும் வேர்விட்ட கட்சி, ஆட்சியேறியபின் மொழிவழி மாநிலத்திற்குத் தயங்கியது. ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் முதலானவற்றை வேண்டி, விருதுநகர்ச் சங்கரலிங்கனார் 1956-இல் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். அவர் மாற்றுக் கட்சியினர் அல்லர். அக்கட்சியிலேயே உழைத்து மூத்த தொண்டர்.