ஏரியும் ஓர் அமானிதம்

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் தரும் பாடம். அவற்றுள் ஒரு சமுதாயத்தின் நிலையைக் கேளுங்கள்.

லடாக்கில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் சோ மொரிரி ஏரி உள்ளது. 2002இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் கருங்கழுத்துக் கொக்கும் பட்டைத்தலை வாத்தும் அங்கே குஞ்சு பொரிக்கின்றன. குளிரில் ஏரி உறைந்துவிடும். பட்டைத்தலை வாத்தினம் தெற்கே பறந்து, நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது. அதற்கு வழியறிவித்தவன் அல்லாஹ்வையன்றி வேறு யார்?

மலைமேலுள்ள ஏரியை மட்டும் காத்தால் போதுமா? பறவை வந்திறங்கும் நீரும் தூய்மையாக இருக்க வேண்டாமா? நம் அம்பத்தூர் ஏரியிலும் ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியிலும் நீர்ப்பறவைகள் இறங்குகின்றனவே!

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், ஃபஜ்ருக்குப் பின், நம் பகுதி ஏரிக்கரையில் குர்பானிக் கழிவு மூட்டைகளைக் கண்டேன். நாய்கள் அவற்றைத் தண்ணீருக்குள் இழுத்துக் கொண்டிருந்தன. அன்று நான் மௌனமாக இருந்துவிட்டேன். அது என் குற்றம்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. அவ்வாறிருக்க, குடலையும் இரத்தத்தையும் ஏரியில் சேர்ப்பது எப்படித் தகும்? குர்பானி இபாதத், அதன் கழிவால் அயலாருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கும் தொல்லை தருவது பாவம். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்; இடமில்லாதோர் துப்புரவு வண்டியில் ஒப்படையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.