பரணில் கிடக்கும் பழைய கேமரா
(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



நசரத்பேட்டைக்குக் குடிவந்த புதிதில், பெட்டியிலிருந்து அப்பாவின் அக்ஃபா கிளிக் 3 கேமராவை எடுத்தேன். ஆர்வத்தில் பின்மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த ரோலை விரித்தும் பார்த்துவிட்டேன். வெளிச்சம் பட்டு எல்லாம் போயிற்று. அதில் அம்மாவின் படம் இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது.

போகிக்குப் பரண் ஒழிக்கும்போது உங்களுக்கும் ஒன்று கிடைக்கலாம்.

கிளிக் 3-இல் போடுவது 120 ரோல், 12 படம். ஃபிலிமோடு ஒரு தாளும் சேர்ந்து சுற்றியிருக்கும். தாளின் நுனியைக் காலி உருளையின் பிளவில் செருகி, மூடி, பின்பக்கச் சிவப்புச் சன்னலில் 1 தெரியும்வரை திருகுவார்கள். சன்னலில் எண் தெரிந்தால் திறக்காதீர்கள். எண்கள் தீர்ந்து இறுக்கம் விடும்வரை குமிழைத் திருகுங்கள்.

35 மி.மீ. கேமராவில் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. ரீவைண்ட் பொத்தானை அழுத்தி முழுக்கச் சுற்றிய பிறகே திறக்க வேண்டும்.

உள்ளே ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ரோல்கூட இருக்கலாம். அந்த ஆலை இன்று இல்லை. ஆனால் பழைய கறுப்பு வெள்ளை ரோலைக் கழுவினால், மங்கலாகவாவது ஒரு முகம் தெரிய வாய்ப்புண்டு.

அவசரப்படாதீர்கள்.