தலையணைக்கு அடியில் ஒரு காதல் கதை



ஸ்ரீ கெம்பாங்கானில் பல வீடுகளுக்குப் பழக்கமான ஒரு காட்சி. கல்லூரிக்குப் போகும் மகள் சிர்டாங் கொமுட்டர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறாள். கையில் ஆங்கிலக் காதல் நாவல். அட்டையில் ஒரு பிரபு, ஒரு சீமாட்டி. பார்க்கிறவர்கள், "பிள்ளை நல்லா இங்கிலீஷ் படிக்குது" என்று பாராட்டுகிறார்கள். அதே வீட்டில், சமையலை முடித்துவிட்டு அம்மா ரமணிசந்திரன் நாவலை எடுக்கிறார். வாசலில் ஆள் அரவம் கேட்டதும் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. "வேலை வெட்டி இல்லாம கதை படிக்கிறா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்!

இரண்டும் காதல் கதைகள்தாம். இரண்டிலும் ஊடல் உண்டு, கூடல் உண்டு, முடிவில் நல்ல வாழ்வும் உண்டு. பிறகு ஏன் ஒன்று நாகரிகம், மற்றொன்று வெட்டிப் பொழுது?

ஆங்கிலக் காதல் கதைகளில் கொடிகட்டிப் பறந்த ஒருவரைப் பார்ப்போம். பெயர் பார்பரா கார்ட்லண்ட். 1901ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் பிறந்து, 2000ஆம் ஆண்டு தமது 98ஆவது வயதில் மறைந்தவர். எழுதிய நூல்கள் 700க்கும் மேல்!

அவர் எழுதிய விதமே ஒரு சுவையான கதை. மதிய உணவு முடிந்ததும் சோபாவில் சாய்ந்துகொள்வார். துணைக்கு ஒரு வெந்நீர்ப் பை, பக்கத்தில் செல்ல நாய். அவர் கதை சொல்லச் சொல்ல, செயலாளர் குறிப்பெடுப்பார். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஒரு நாவல் முடிந்துவிடும். உடுத்துவது ரோஜா நிறம். தேனும் வைட்டமினும் உடலுக்கு நல்லது என்று ஊருக்கெல்லாம் சொல்லுவார். மாலைத் தேநீரும் கேக்கும் அவருக்குப் பிடித்தமானவை. கதைகளில் பழைய இங்கிலாந்தின் மாளிகைகள், குதிரை வண்டிகள், நடன விருந்துகள். தம் நாட்டின் பழமையை அவர் தினமும் வாழ்ந்து ரசித்தார்.

விமர்சகர்கள் கேலி செய்யாமல் விடவில்லை. அவர் ரோஜா நிறத்தையும் விடவில்லை! 1991இல் 'டேம்' பட்டம் அவரைத் தேடி வந்தது.

இவ்வளவு இனிப்பாக எழுதியவர் சோகமே அறியாதவரா? இல்லை. 1918இல் போர்க்களத்தில் தந்தையைப் பறிகொடுத்தார். குடும்பத்தைக் காப்பாற்ற அவருடைய தாயார் லண்டனில் துணிக்கடை வைத்தார். 1940இல் டன்கர்க் பின்வாங்கலின்போது இரண்டு தம்பிகளும் அடுத்தடுத்த நாளில் மாண்டார்கள். அந்தத் துயரங்களுக்குப் பிறகும் அவர் மகிழ்ச்சியான முடிவுகளையே எழுதினார். அன்றாடச் சிறு இன்பங்கள் அவரை எழுந்து நிற்க வைத்தன என்றே எண்ணத் தோன்றுகிறது.

இங்கே இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மலாயாவின் ஈயமும் பால் மரமும் பிரிட்டிஷ் பேரரசுக்குச் செல்வம் சேர்த்தன. துரை பங்களாவில் பீங்கான் கோப்பையில் தேநீர் என்றால், லயத்தில் தகரக் குவளையில் வெறுந்தேத்தண்ணி. ஸ்ரீ கெம்பாங்கானே அவசரகாலத்தில் ஆங்கிலேயர் முள்வேலி போட்டு அமைத்த புதுக்கிராமத்திலிருந்து வளர்ந்த ஊர். ஆகவே ஆங்கிலப் பண்பாட்டை ரசிப்பவர்கள், தாராளமாக ரசிக்கட்டும். ஆனால், கண்ணைத் திறந்துகொண்டு ரசிக்கட்டும். தேநீரின் மணத்தோடு, அதைச் சுமந்த கைகளின் நினைவும் இருக்கட்டும்.

கார்ட்லண்டிடம் கற்க வேண்டியது ரோஜா நிறத்தை அல்ல. தமக்குப் பிடித்ததைக் கூசாமல் பிடித்திருக்கிறது என்று சொன்ன துணிவைத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ரமணிசந்திரனைப் படிப்பதற்கு நம் வீட்டுப் பெண்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் அடுப்படியிலும் உழைத்த பெண்களில் பலரைத் தமிழ் எழுத்தோடு கட்டிப்போட்டு வைத்தவை இத்தகைய கதைகள்தாமே? வீட்டில் தமிழ்ப் புத்தகம் கண்ணில் படாமல் ஒளிந்து கிடந்தால், பிள்ளைகள் கையில் அது எப்படி வரும்?

ஆகவே நேயர்களே, இன்று மாலை ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். அம்மாவுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கலக்கிக் கொடுங்கள். தலையணைக்கு அடியில் இருக்கும் புத்தகத்தை எடுத்து, வரவேற்பறை மேசைமேல் வையுங்கள். மகளின் ஆங்கில நாவலும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். "கதை எந்த இடத்தில் நிக்குதும்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மாவின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.