கூட்டு மருந்தின் உரைகல்



லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் அதன் உறவான ரத்தப் புற்றுநோய்களுக்கும் தரப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை பற்றிய மருத்துவ ஆய்வுகளே இக்கருத்தரங்கின் பொருள். புதிய மருந்துகளைப் பற்றி நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. மகிழ்ச்சி. தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்டது வேறு பக்கம். ஒரு கூட்டில் இன்னொரு மருந்தைச் சேர்க்க நாம் காட்டும் ஆர்வத்தை, அதிலிருந்து எதை எடுத்துவிடலாம் என்று சோதிப்பதிலும் காட்ட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் குழுவினர் நைட்ரஜன் மஸ்டர்டை லிம்போமா நோயாளி ஒருவருக்குச் செலுத்தினார்கள். போர்க்கால ரகசியம் என்பதால் முடிவு 1946இல்தான் வெளிவந்தது. கட்டிகள் கரைந்தன, பிறகு திரும்பி வந்தன. ஒரு மருந்துக்குத் தப்பும் செல்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். எஞ்சுபவை அவைதான், பெருகுபவையும் அவைதான். ஆகவே வெவ்வேறு வழியில் செல்லைத் தாக்குகிற, உடலில் வெவ்வேறு உறுப்பை வருத்துகிற மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் முழு அளவில் கொடுக்க முடியும், தப்பும் வழிகளையும் அடைக்க முடியும் என்ற எண்ணம் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் ஃபிரெய், ஃபிரெய்ரெய்க் ஆகியோர் இதைச் செய்து காட்டினார்கள். வின்சென்ட் டெவிட்டாவின் குழு அதை ஹாட்ஜ்கின் நோய் என்ற லிம்போமா வகைக்குக் கொண்டுவந்தது. நான்கு மருந்துகள் சேர்ந்த 'மாப்' கூட்டின் முடிவு 1970இல் வெளியானது. 43 நோயாளிகளில் 35 பேருக்கு நோய் முற்றிலும் மறைந்திருந்தது.

அந்த நான்கில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. நம் தென் மாவட்டங்களில் உழவர்கள் இதை மானாவாரியாகப் பயிரிடுகிறார்கள். உலகின் லிம்போமா வார்டுகளோடு இந்த மண்ணுக்கு இப்படியும் ஓர் உறவு இருக்கிறது என்பதை இளைய மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

'மாப்' உயிரைக் காத்தது. ஆனால் பலருக்குக் குழந்தைப் பேற்றைப் பறித்தது. சிலருக்கு ஆண்டுகள் கழித்து வேறொரு ரத்தப் புற்றுநோயைக் கொடுத்தது. மிலான் நகரில் போனடோனா உருவாக்கிய 'ஏபிவிடி' கூட்டில் இந்தத் தீங்குகள் மிகவும் குறைவு. 1992இல் கனெல்லோஸ் குழுவினர் இரண்டையும், இரண்டையும் மாற்றி மாற்றித் தரும் முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுக் காட்டிய பிறகே 'மாப்' பின்வாங்கியது.

இனி நான் சற்று நின்று பேச விரும்பும் ஆய்வுக்கு வருகிறேன். ஹாட்ஜ்கின் அல்லாத தீவிர லிம்போமாவுக்கு 1970களிலிருந்து 'சாப்' என்ற நான்கு மருந்துக் கூட்டு வழக்கத்தில் இருந்தது. 1980களில் ஆறு, எட்டு மருந்துகள் கொண்ட புதிய கூட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய மருத்துவமனையில் பிறந்தது. ஒவ்வொன்றின் எண்களும் 'சாப்'பைவிட வெகுவாக உயர்ந்திருந்தன. 'சாப்' கொடுப்பவர் பின்தங்கியவர் என்று கருதப்பட்ட காலம் அது. அப்போது அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் இரண்டு சேர்ந்து, 'சாப்'பையும் புதிய கூட்டுகள் மூன்றையும் குலுக்கல் முறையில் நோயாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. 1993இல் ஃபிஷர் வெளியிட்ட முடிவில் 899 நோயாளிகள் கணக்கில் வந்தார்கள். மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர் விகிதம் நான்கு பிரிவுகளிலும் ஏறக்குறைய ஒன்றே. 'சாப்' பிரிவில் 54 சதவீதம். மருந்தின் நச்சுத்தன்மையால் இறந்தவர்கள் 'சாப்'பில் 1 சதவீதம். புதியவற்றில் 3 முதல் 6 சதவீதம் வரை.

அப்படியானால் முன்பு கண்ட உயர்ந்த எண்கள் எங்கிருந்து வந்தன? பெருமளவுக்கு, நோயாளிகளின் தேர்விலிருந்து. தொலைவிலிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக்கு வந்து கடுமையான சிகிச்சையைத் தாங்கக்கூடியவர் இளையவராகவும் வலுவுள்ளவராகவும் இருப்பார். ஒப்பிடப் பக்கத்தில் இன்னொரு பிரிவு இல்லாதபோது, அந்த உடல்வலுவின் பெருமையெல்லாம் மருந்துக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ஆய்வு ஒரு புதிய மருந்தையும் நமக்குத் தரவில்லை. ஆனால் பயனில்லாத நஞ்சிலிருந்து எத்தனையோ பேரைக் காத்தது. நம் துறையின் தலைசிறந்த ஆய்வுகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

குலுக்கல் முறை ஒப்பீடு என்ற அதே உரைகல்லில் உரசித்தான் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தின் மாற்றும் தெரிந்தது. 60 முதல் 80 வயது வரையுள்ள 399 நோயாளிகளிடம் பிரெஞ்சு மருத்துவர் குவாஃபியே தலைமையில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. இரண்டாண்டில் உயிரோடிருந்தவர்கள் 'சாப்' மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். ரிட்டுக்சிமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 70 சதவீதம். அதன் பிறகு ரிட்டுக்சிமாப் சேர்ந்த அந்த 'ஆர்-சாப்'போடு இப்ருட்டினிப், லெனாலிடோமைடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரிய ஆய்வுகள் வெற்றி பெறவில்லை. வின்கிரிஸ்டினை எடுத்துவிட்டுப் பொலாட்டுசுமாப்பை வைத்த ஆய்வில் நோய் முற்றாமல் இரண்டாண்டு கடந்தவர்கள் 70.2 சதவீதத்திலிருந்து 76.7 சதவீதமாக உயர்ந்தார்கள். உயிர் பிழைத்திருந்தோர் விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆறரை சதவீதத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதை நம் நோயாளியின் குடும்பத்தை எதிரே வைத்துக்கொண்டு நாம் விவாதித்தாக வேண்டும்.

குறைத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. அவற்றைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். தொடக்கநிலை ஹாட்ஜ்கின் நோயில் ஆபத்துக் கூறுகள் இல்லாதவர்களுக்கு இரண்டு சுற்று 'ஏபிவிடி'யும் 20 கிரே கதிர்வீச்சும் போதும் என்று ஜெர்மன் குழு 2010இல் நிறுவியது. இளையவர், ஆபத்துக் கூறு இல்லாதவர், பெரிய கட்டி இல்லாதவர் என்றால், ஆறு சுற்று 'ஆர்-சாப்'புக்குப் பதில் நான்கு சுற்றும், கூடுதலாக ரிட்டுக்சிமாப் மட்டும் இரண்டு முறையும் கொடுத்தால் போதும் என்று 2019இல் தெரிந்தது. இத்தகைய ஆய்வுகளுக்கு மருந்து நிறுவனம் எதுவும் தானாக முன்வராது; விற்பனை குறையும் கேள்விக்கு யார் பணம் தருவார்கள்? அரசும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும்தான் தர வேண்டும்.

இதை நம்மால் செய்ய முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு முன்னோடியைச் சொல்கிறேன். 1980களின் நடுவில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு இணைந்து, குழந்தைகளின் தீவிர நிணநீர்ச் செல் ரத்தப் புற்றுநோய்க்கு 'எம்சிபி 841' என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கடைப்பிடித்தன. 1970களில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த நிலை மாறி, நோய் திரும்பாமல் நான்காண்டு கடந்தவர்கள் மையத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப 45 முதல் 60 சதவீதம் ஆனார்கள். டாக்டர் சாந்தா அம்மையார் வழிநடத்திய காலத்து அடையாறு மருத்துவமனை இதில் பங்கேற்றது நமக்குப் பெருமை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாளைப் பிற்பகல் அமர்வுக்கு ஒவ்வொரு மையமும் தன் லிம்போமா நோயாளிகளில் மூன்றாவது, நான்காவது சுற்றோடு நின்றுவிட்டவர்களின் கணக்கைக் கொண்டுவாருங்கள். பேருந்துக்குப் பணமில்லாதவர், அறுவடைக்காக ஊர் திரும்பியவர், வெள்ளை அணு குறைந்து காய்ச்சலில் இறந்தவர் என்று காரணத்தையும் எழுதுங்கள். அவர்களை விலக்கிவிட்டு வெளியிடும் எந்த வெற்றி விகிதத்தையும் நான் ஏற்கமாட்டேன். அந்தப் பட்டியலை முன்வைத்து, சுற்றுகளை எங்கே பாதுகாப்பாகக் குறைக்கலாம் என்ற கேள்விக்குப் பல மையங்கள் சேர்ந்து நடத்தும் குலுக்கல் முறை ஆய்வு ஒன்றை இங்கேயே வரையத் தொடங்குவோம். வரைவுக் குழுவில் செவிலியர் ஒருவரும், சிகிச்சை முடித்த நோயாளி ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று மாலைக்குள் அமைப்புச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.