விடுதி வேண்டும், சந்தை வேண்டாம்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா கால்பந்துக் கிளப், 1979-ல் தன் மைதானத்தை அடுத்திருந்த பழைய பண்ணை வீட்டைச் சிறுவர் விடுதியாக்கியது. அதன் பெயர் லா மாசியா. 2011-ல் அது புதுக் கட்டிடத்துக்கு மாறிற்று. சாப்பாடு, படுக்கை, படிப்பு, பயிற்சி நான்குக்கும் கிளப்பே பொறுப்பு.

கிராமத்துக் கொத்தனார் ஒருவரின் மகன் இனியெஸ்டா, 1996-ல், 12 வயதில் அங்கே சேர்ந்தார். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், 116-வது நிமிஷத்தில், ஸ்பெயினுக்கு வெற்றி கோலைப் போட்டவர் அவரே! உழைப்பாளி வீட்டில் திறமைக்கா பஞ்சம்? இல்லை. வாய்ப்புக்குத்தான் பஞ்சம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தக் கிளப் எந்த முதலாளிக்கும் சொந்தமன்று, உறுப்பினர்களுக்கே சொந்தம். அப்படியிருந்தும் சந்தை அதை விட்டதா? சில விலக்குகள் தவிர, 18 வயது நிரம்பாதவரை நாடுவிட்டு நாடு கொண்டுவந்து ஆடவைக்கக் கூடாதென்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. அதை மீறியதற்காக 2014-ல் கிளப்புக்கு அபராதம் விழுந்தது. புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்யவும் தடை வந்தது.

ஏன் இந்த மீறல்? இன்றைய சிறுவன் நாளை நல்ல விலை போகும் சரக்கு என்பதால்தான்!

விடுதிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரிய ஆட்டக்காரர் ஆவதில்லை. ஆகவே, கோப்பைகளை மட்டும் எண்ணாதீர்கள். திருப்பியனுப்பப்பட்ட பையனின் கையில் படிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பந்து போனாலும் அவன் வாழ்வு போகக் கூடாது. எங்கே விடுதி திறந்தாலும் நமது முதல் கோரிக்கை இதுவே!