சாய்கோட்டுக் கரித்துணி

ஆணி அடித்த மரச்சட்டத்தில் பனியன் வளையம் மாட்டிக் கரித்துணி பின்னுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. அதை மறுபடி சொல்லப் போவதில்லை.

எனக்கு ஓர் ஆதங்கம். இப்போது நைலான் வளையங்கள் பாக்கெட்டில் வருகின்றன. பளபளப்புக்கு மயங்கி நானும் வாங்கிப் பின்னினேன். வஞ்சிர மீன் குழம்புச் சட்டியை இறக்கும்போது அது உருகிச் சட்டியில் ஒட்டிக்கொண்டது. கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. பருத்தி வேண்டும். பருத்திதான் வேண்டும். பழைய பருத்தி டீ-ஷர்ட்டின் கையைக் குறுக்கே ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக வெட்டி இழுத்துவிடுங்கள், ஓரம் தானே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும்.

நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரி. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. காலெட்பேட்டை என்பதுதான் காலடிப்பேட்டை ஆனது. மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர். என் தெருவில் இன்று ஒரு தறி கூட இல்லை. இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

எனக்குப் பிடித்தது சாய்கோடு. ஜீன்ஸ் துணியில் சாய்ந்து ஓடுமே, அந்தக் கோடு. இரண்டு மேலே, இரண்டு கீழே. அடுத்த வரிசையில் ஒரே ஒரு வளையம் தள்ளித் தொடங்குங்கள். அதற்கடுத்ததில் இன்னும் ஒன்று. ஐந்தாவது வரிசை முதல் வரிசை மாதிரியே வரும். மறக்காதீர்கள்: இரண்டு மேலே, இரண்டு கீழே, ஒன்று தள்ளி. ஓரிடத்தில் தள்ள மறந்தால் கோடு அங்கேயே ஒடிந்துபோகும். கண்ணை மூடித் தடவினாலும் விரலுக்குத் தெரியும். நான் கூசாமல் பிரித்துவிடுவேன்.

சாதாப் பின்னலில் கடைசி வரிசைகளுக்குள் கொக்கி நுழைவதற்குள் விரல் வலித்துவிடும். சாய்கோட்டில் வளையங்கள் இளக்கமாக இருக்கும், கொக்கி வழுக்கிக்கொண்டு போகும். கழற்றியதும் துணி மெத்தென்று உப்பி வரி வரியாக நிற்கும். சட்டி படுவது அந்த மேட்டில்தான். பள்ளத்தில் காற்று இருக்கிறது, சூடு கைக்கு வர நேரமாகிறது. பூப் பின்னல், நட்சத்திரப் பின்னல் எல்லாம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். அடுப்படிக்குச் சாய்கோடு.

ஓரத்தைக் கோத்து முடிக்கையில் மிஞ்சுகிற கடைசி வளையத்தை வெட்டிவிடாதீர்கள், மாட்டுவதற்கு அதுதான் காது. ஈரத் துணி சூட்டை உடனே கையில் ஏற்றிவிடும், எங்கள் கடற்காற்றிலோ எதுவும் சட்டென்று காயாது. அதனால் என் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் மூன்று தொங்கும். மூன்றும் சாய்கோடு.