சம்பந்தன் ஐயாவின் ஆசனமும் நமது வாக்கும்

(திருகோணமலை மாவட்டத்தில் வாழும் நமது அங்கத்தவர் குடும்பங்கள் கூடிய அஞ்சலிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



2024 ஜூன் 30ஆம் திகதி இராஜவரோதயம் சம்பந்தன் ஐயா தமது 91ஆவது வயதில் காலமானார். இந்தத் துறைமுக நகரத்துக்கு அவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் உள்ளே வரும்போது ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, நாம தோட்டத் தொழிலாளர் சங்கம். திருகோணமலைத் தலைவருக்கு நாம ஏன் கூட்டம் வைக்கணும்?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1947 தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரஸில் இருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். நமது பாட்டன், பாட்டி பேரெல்லாம் வாக்காளர் இடாப்பில் இருந்து போய்விட்டது. 1952 தேர்தலில் நமக்கென்று ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

அந்தச் சட்டங்களின் காலத்தில் தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோடு சேர்ந்தது. அதை ஏற்காமல் செல்வநாயகம் ஐயா பிரிந்து வந்தார். 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. அந்தக் கட்சி பிறந்ததற்கு முக்கியமான ஒரு காரணம் மலைநாட்டில் கொழுந்து பறித்தவர்களின் பறிபோன வாக்கு. 1956இல் சம்பந்தன் ஐயா சேர்ந்தது அந்தக் கட்சியில்தான். தம்பியின் கேள்விக்கு இது என் முதல் பதில்.

1977 ஜூலைத் தேர்தலில், சட்டத்தரணியாக இருந்த சம்பந்தன் ஐயா, தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் திருகோணமலையில் வென்று பாராளுமன்றம் போனார். அதே தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் ஐயா வென்றார். இடையில் அவர் நியமன உறுப்பினராக இருந்ததுண்டு. ஆனால் மலையக மக்கள் தங்கள் வாக்கால் ஒருவரை அனுப்பியது 1947க்குப் பிறகு அப்போதுதான். ஒருவர் எதிர்க்கட்சியில் இருந்தார். மற்றவர் 1978இல் அமைச்சரானார். எந்த வழி சரி என்று இன்றைக்கும் நாம் வாதாடலாம். ஆனால் இரண்டு பேருக்கும் பின்னால் வாக்கு இருந்தது. வாக்கு இருந்ததால்தான் வழியைத் தெரிவு செய்ய முடிந்தது.

எங்கள் அப்பாவுக்கு அந்த வாக்கு இல்லை. கண்டிப் பக்கத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டியவர். 1977 ஆகஸ்ட் வன்செயலில் லயம் எரிந்த பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களை இங்கே கூட்டி வந்தார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு போட்டார்களே, அதில் தன்னுடைய தலை எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. இங்கே கூலிவேலை செய்தார், காணி துப்புரவாக்கினார், எங்களைப் படிக்க வைத்தார். தேர்தல் நாளில் மட்டும் வீட்டில் இருந்தார்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். கூட்டணி உறுப்பினர்கள் அதை மறுத்தார்கள், ஆசனங்களை இழந்தார்கள். அந்த நேரம் அப்பா சொன்னதை நான் மறக்கவில்லை: "இப்ப இந்த ஊர்க்காரங்களும் நம்மள மாதிரி ஆயிட்டாங்க."

அதற்குப் பிறகு 14 வருடம் சம்பந்தன் ஐயா பாராளுமன்றத்துக்கு வெளியே. 1989இலும் 1994இலும் போட்டியிட்டார், கிடைக்கவில்லை. 1997 ஜூலையில் திருகோணமலை உறுப்பினர் தங்கத்துரை கொல்லப்பட்டார். அந்த வெற்றிடத்துக்கு சம்பந்தன் ஐயா போனார். தனக்கு முன்னால் அங்கே இருந்தவர் கொலையாகி இருக்கும் ஆசனம் அது. 2000இல் மறுபடி தோல்வி. 2001இல் மறுபடி வெற்றி. அதில் இருந்து 2004, 2010, 2015, 2020 என்று இந்த மாவட்டம் அவரை விடவில்லை.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல நான் வரவில்லை. 2012 மே தினக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்தில் சிங்கக் கொடியைக் கையில் பிடித்தார். சொந்த மக்களே கோபப்பட்டார்கள். 2015இல் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த தமிழர் அவர்தான். ஆனால் எதிர்க்கட்சித் தலைவரே அரசாங்கத்துக்கு முட்டுக் கொடுக்கிறார் என்று பலர் குறை சொன்னார்கள். 2016இல் தொடங்கிய புதிய அரசியலமைப்பு வேலை பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் எதிர்பார்த்த தீர்வு அவர் கண்ணை மூடும்வரை வரவில்லை. கடைசிக் காலத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஆசனத்தை விட்டுக்கொடுக்கலாமே என்று கட்சிக்குள்ளேயே பேச்சு எழுந்தது. நமது பிரச்சினையில் பிறந்த கட்சி பிற்காலத்தில் நம்மை அடிக்கடி மறந்தது என்பதும் என் மனக்குறை. அஞ்சலிக் கூட்டம் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2018 நவம்பரில் ஜனாதிபதி, காலம் முடியுமுன்பே பாராளுமன்றத்தைக் கலைத்தார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனவர்களில் இவர் ஒருவர். நாலரை வருடம் முடியுமுன், பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு கேட்டால் ஒழிய, அதைக் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் சொல்லியிருந்தது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒரே முடிவாகக் கலைத்தது செல்லாது என்றார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பேரே 'சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்' என்பதுதான். அதனால் காப்பாற்றப்பட்டது அவருடைய ஆசனம் மட்டும் இல்லை. மலையகத்து வாக்கால் போன ஒவ்வோர் ஆசனமும், சிங்கள மக்கள் அனுப்பிய ஆசனங்களும்கூட அதில் அடக்கம்.

தோழர்களே, செக்ரோலில் பேர் இல்லாவிட்டால் எத்தனை கிலோ பறித்தாலும் சம்பளம் இல்லை. இது நம் எல்லோருக்கும் தெரியும். வாக்காளர் இடாப்பும் அப்படித்தான். பேர் இல்லாதவரின் குரலுக்கு அங்கே கணக்கு இல்லை. 2024இல் 1,700 ரூபா நாட்சம்பளத்துக்காக மலையில் நம் சகோதரிகள் போராடினார்கள். வர்த்தமானி வந்தது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின. நமக்காக அங்கே பேச ஆள் வேண்டும் என்றால், ஆளை அனுப்பும் பேர்கள் இடாப்பில் இருக்க வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை வந்தது. அதற்குப் பிறகும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று அலைந்து, 2010 பொதுத் தேர்தலில்தான் முதன்முதலாக வாக்களித்தார். அப்போது 71 வயது. விரலில் வைத்த மையை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்டேன். "அது என் இஷ்டம்" என்றார். அப்பாவை அவ்வளவு பெருமையாக நான் பார்த்ததே இல்லை.

 ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் 18 வயது நிறைந்த எல்லோருடைய பேரும் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். கலியாணம் முடித்து வந்த மருமகள் பேர், கொழும்பில் வேலை செய்யும் மகன் பேர், கிழவி என்று விட்டுவிட்ட அம்மாயியின் பேர், எல்லாம் பாருங்கள். பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள் வெட்கப்படாமல் நமது சங்கக் கிளைக்கு வாருங்கள். படிவம் நிரப்பத் தோழர்கள் இருக்கிறார்கள். கந்தோருக்குக் கூடவே வருவார்கள்.

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் அப்பா சொன்னது போல, அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்த இஷ்டம் நம்மிடம் இருக்க வேண்டும்.

சம்பந்தன் ஐயாவுக்கு எங்கள் அஞ்சலி. எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்.